அண்ணனும் 48, தம்பியும் 48: இளைய ஹட்ஸன் என்.எச்.எல்.லில் நிலைப்பாரா?

வணக்கம். இன்று ஒரே ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு பொறுமையாகப் பேசப்போகிறேன். பெயர் கோல் ஹட்ஸன். பாஸ்டன் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரராக வளர்ந்தவர். என்.எச்.எல். என்பது வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக். அதன் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2024 டிராஃப்டில் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணி அவரை 43-ஆவது இடத்தில் எடுத்தது. அந்த ஆண்டே கல்லூரியில் சேர்ந்தார். முதல் சீசனில் 39 ஆட்டங்கள், 48 புள்ளிகள். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அந்தக் கோலுக்கு வழிசெய்து கொடுத்தவருக்கும் (இதுதான் அசிஸ்ட்) ஒரு புள்ளி என்பதுதான் கணக்கு. கோலைத் தடுக்க நிற்கிற ஒரு பதினெட்டு வயதுப் பையன் இத்தனை எடுப்பது பெரிய காரியம்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய அண்ணன் லேன் ஹட்ஸன் அதே கல்லூரியில், அதே முதலாண்டில், அதே 39 ஆட்டங்களில், அதே 48 புள்ளிகளை எடுத்திருந்தார். அண்ணன் 15 கோல், 33 அசிஸ்ட். தம்பி 14 கோல், 34 அசிஸ்ட். இனி இவரைத் தம்பி என்றே அழைக்கிறேன், அண்ணனை விட்டுவிட்டு இவரைப் பற்றிப் பேசவே முடியாது.

அண்ணன் பிறகு என்ன ஆனார் என்பது ஊரறிந்த செய்தி. என்.எச்.எல்.லில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணிக்காக 2024-25 சீசனில் 66 புள்ளிகள். அதில் 60 அசிஸ்ட். அறிமுக ஆண்டுத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் அத்தனை அசிஸ்ட் செய்தது அதற்கு முன் ஒரே முறைதான், 1980-81இல் லாரி மர்பி. சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையும் லேனுக்கே கிடைத்தது. மாண்ட்ரியல் அணியில் அந்தக் கோப்பையை அவருக்கு முன் கடைசியாக வாங்கியவர் 1972இல் கென் டிரைடன். அவரும் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கல்லூரி ஆட்டக்காரர்தான்.

எனவே பலரும் கணக்கை எளிதாக முடித்துவிடுகிறார்கள்: அண்ணனுக்கு 48, தம்பிக்கு 48, அண்ணன் ஜெயித்தார், தம்பியும் ஜெயிப்பார். எனக்கும் தம்பி மீது பெரிய நம்பிக்கை இருக்கிறது. ஆனால் இந்தக் காரணத்துக்காக இல்லை. ஒரு கல்லூரி ஆட்டக்காரரை எடைபோடும்போது புள்ளிகளை நான் மூன்றாவதாகத்தான் பார்ப்பேன். முதலில் வயது. அடுத்து, அந்தப் புள்ளிகள் எந்த வழியில் வந்தன என்பது.

வயதிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் பதினெட்டு வயதுப் பையனும் இருபத்து நான்கு வயது ஆணும் ஒரே பனித்தளத்தில் மோதுகிறார்கள். பலர் பள்ளி முடிந்தவுடன் கல்லூரிக்கு வருவதில்லை. ஜூனியர் லீக்குகளில் ஓரிரண்டு ஆண்டுகள் ஆடிவிட்டு இருபது வயதில் வந்து சேர்கிறார்கள். இருபத்து மூன்று வயதில் ஒருவர் ஐம்பது புள்ளிகள் எடுத்தால் அவர் நல்ல கல்லூரி ஆட்டக்காரர் என்று பொருள். அதே எண்ணைப் பதினெட்டு வயதில் எடுப்பவர் வேறு ரகம்.

இதற்கு உதாரணம் தேடி வெளியே போகவே வேண்டாம், அந்த வீட்டிலேயே இருக்கிறது. மூத்த அண்ணன் குவின் ஹட்ஸனும் 2024-25இல் அதே பாஸ்டன் அணியில், தம்பியோடு சேர்ந்து ஆடினார். அவர் முன்கள ஆட்டக்காரர், தம்பியைவிட நான்கு வயதுக்கு மேல் மூத்தவர். அந்த சீசனில் அவருடைய புள்ளிகள் 50. பட்டியலில் தம்பிக்கு மேலே அவர் பெயர்தான். ஆனால் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. அந்த சீசன் முடிந்ததும் என்.எச்.எல்.லின் எட்மன்டன் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. குவின் உழைத்து மேலே வந்தவர், அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த 50-ஐயும் இந்த 48-ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இன்னும் கடுமையான உதாரணம் ஜாக் கானலி. மினசோட்டா டுலூத் அணியின் முன்கள ஆட்டக்காரர். 2011இல் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தார். 2012இல் கல்லூரி ஹாக்கியின் மிகப்பெரிய விருதான ஹோபி பேக்கர் அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது இருபத்திரண்டு. உயரமும் குறைவு. என்.எச்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். கல்லூரியின் உச்சத்தைத் தொட்டவருக்கே அடுத்த கதவு திறக்கவில்லை.

சரி, தம்பிக்கு வருவோம். அவர் பிறந்தது ஜூன் 2006. முதல் சீசன் முழுவதையும் பதினெட்டு வயதில் ஆடி முடித்தார். அண்ணன் லேன் பிறந்தது பிப்ரவரி 2004, அவர் தன் முதல் சீசனின் நடுவில் பத்தொன்பதைத் தொட்டுவிட்டார். ஒப்பிட்டால் தம்பி நான்கு மாதம் இளையவர். சிறிய வித்தியாசம்தான், ஆனாலும் இந்தக் கணக்கு அவர் பக்கம் சாய்கிறது.

இப்போது இரண்டாவது கேள்வி: புள்ளிகள் எப்படி வந்தன? இதற்கு முதலில் அண்ணனின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் 2022இல் அவரைத் தேர்வாளர்கள் ஏறக்குறைய கைவிட்டுவிட்டார்கள். உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 160 பவுண்டு தேறாது. தான் இன்னும் வளர்வேன் என்று காட்ட, ஹார்மோன் மருத்துவர் ஒருவரின் கடிதத்தை அவர் அணிகளிடம் கொடுத்தார். பதினெட்டு வயதுப் பையன் தன் எலும்பு வளர்ச்சிக்குச் சான்றிதழ் காட்ட வேண்டிய நிலை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கும். கடைசியில் 62-ஆவதாக மாண்ட்ரியல் எடுத்தது.

தேர்வாளர்கள் தவறவிட்டது எதை? இதோ, இந்தக் காட்சியை நிறுத்துகிறேன். லேன் ஆடும் எந்த ஆட்டத்தை எடுத்தாலும் இப்படி ஒன்று வரும். எதிரணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில், பக் எனப்படும் ரப்பர் வட்டோடு நிற்கிறார். எதிரே ஒருவர் மறிக்க வருகிறார். கால்களைக் கவனியுங்கள்: இரண்டு குதிகால்களும் ஒன்றையொன்று பார்க்கின்றன, விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கின்றன. இந்த நிலையில் அவர் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் மார்பு கோலை நோக்கியே இருக்கும். எந்தப் பக்கம் போகப்போகிறார் என்று உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது வலது தோள் அரை அங்குலம் இறங்குகிறது. மறிக்க வந்தவரின் எடை முழுவதும் அந்தப் பக்கக் காலுக்கு மாறுகிறது. அந்தக் கணத்தில் லேன் இடப்பக்கம் போய்விட்டார். கபடியில் பாடிப் போகிறவர் ஒரு பக்கம் சாய்ந்து காட்டிவிட்டு மறுபக்கம் தொட்டுவிட்டு வருவாரே, அதே வித்தைதான்.

இதில் உயரத்துக்கு வேலை இல்லை, பலத்துக்கும் இல்லை. எதிராளி பெரியவராக இருந்தால் எடை மாறிய காலை மீட்க அவருக்கு இன்னும் நேரம் ஆகும். அதனால்தான் இந்தத் திறமை கல்லூரியோடு நின்றுவிடவில்லை. 2023 மார்ச்சில் மெரிமாக் அணிக்கு எதிராக, ஹாக்கி ஈஸ்ட் என்ற கல்லூரி லீக்கின் இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வெற்றி கோலை அடித்த பையன், அதே காலசைவோடுதான் பிறகு என்.எச்.எல்.லுக்குள் நுழைந்தார். புள்ளிகளுக்கு முன்பு வழியைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தம்பியிடம் இந்தக் காலசைவு இருக்கிறதா? இருக்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், இல்லாமல் போகுமா? ஆனால் அவர் அண்ணனின் நகல் இல்லை. நேர்க்கோட்டு வேகத்தில் தம்பி ஒரு படி மேல் என்பது என் கணிப்பு. தன் பகுதியில் பக்கை எடுத்தால் நடுத்தளத்தை அவரே கடந்துவிடுவார். உயரத்திலும் அண்ணனைவிடச் சற்றுக் கூடுதல். வேலியோரம் ஒருவர் இடித்தால் திரும்பி இடிக்கிற குணமும் உண்டு. ஏமாற்று வித்தையில் அண்ணன்தான் மேல். லேன் மூன்று பேரைக் காத்திருக்க வைத்து நான்காவது வழியைத் தேர்ந்தெடுப்பார். தம்பி முதலில் தெரிகிற நல்ல வழியிலேயே பாய்ந்துவிடுவார்.

கல்லூரியில் அது போதும். என்.எச்.எல்.லில் அந்த முதல் வழி, பக் போய்ச் சேர்வதற்குள் அடைபட்டுவிடும். தம்பியைப் பற்றி எனக்குள்ள முதல் ஐயம் இதுதான்.

இரண்டாவது, பக் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார் என்பது. அவருடைய கல்லூரி ஆட்டப் பதிவு ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஒரு வேலை செய்யுங்கள்: பக்கைப் பார்க்காதீர்கள், இவரை மட்டும் பாருங்கள். எதிரணி மூலையிலிருந்து பக்கைச் சுற்றிக்கொண்டு வரும்போது, கோலுக்கு முன்னால் நிற்கிற பெரிய உடம்புக்காரரின் மட்டையை இவர் தூக்குகிறாரா, அல்லது பக் வந்தால் உடனே கிளம்பலாம் என்று ஓரடி முன்னால் நகர்ந்து நிற்கிறாரா? முதலாண்டில் இரண்டாவது வகைதான் அதிகம் தெரிந்தது. அங்கே அவருடைய பயிற்சியாளராக இருந்தவர் ஜே பாண்டால்ஃபோ. நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியில் தடுப்பு வேலைக்கென்றே பெயர் வாங்கிய முன்கள ஆட்டக்காரர், என்.எச்.எல். பட்டமான ஸ்டான்லி கோப்பையை இரண்டு முறை வென்றவர். இந்தப் பாடத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசிரியர் கிடைப்பது அரிது.

சிறிய உடம்புக்காரருக்குக் கல்லூரி நல்ல இடம் என்று நான் எப்போதும் சொல்வேன். பெரும்பாலும் வெள்ளியும் சனியும்தான் ஆட்டம். மற்ற நாட்களில் பயிற்சியும் உடற்பயிற்சிக் கூடமும். ஒரு சீசனுக்கு நாற்பது ஆட்டங்களுக்கு மேல் போவது அபூர்வம். என்.எச்.எல்.லில் எண்பதுக்கும் மேல், சில வாரங்களில் நான்கு. அங்கே போய்ச் சதை போட நேரம் கிடையாது. லேன் இரண்டாம் ஆண்டும் கல்லூரியில் தங்கி 49 புள்ளிகள் எடுத்த பிறகே கிளம்பினார். கேல் மகாரும் அப்படித்தான். 2017இல் நான்காவதாக எடுக்கப்பட்டவர், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு 21 புள்ளிகள்தான். இரண்டாம் ஆண்டு 49, கூடவே ஹோபி பேக்கர் விருது. 2019இல் கல்லூரி இறுதி ஆட்டம் முடிந்த இரண்டாவது நாள், என்.எச்.எல்.லின் கொலராடோ அணிக்காக பிளேஆஃப் எனப்படும் பட்டச் சுற்று ஆட்டத்தில் இறங்கி, அறிமுக ஆட்டத்திலேயே கோல் அடித்தார்.

2025 ஜனவரியில் ஒட்டாவாவில் முடிந்த உலக ஜூனியர் போட்டியைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். தம்பி 11 புள்ளிகளோடு போட்டியிலேயே முதலிடம். தடுப்பாட்டக்காரர் ஒருவர் தனியாக முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அமெரிக்காவுக்குத் தங்கமும் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் அங்கே எதிரில் நின்றவர்களும் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். ஹாக்கி ஈஸ்டில் இருபத்து மூன்று வயதுக்காரர்களுக்கு எதிராக ஒரு குளிர்காலம் முழுவதும் தாக்குப்பிடித்ததைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக, எடுத்த அணியையும் பார்க்க வேண்டும். மாண்ட்ரியல் லேனுக்குப் பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) இடம் கொடுத்தது, ஆட்டத்துக்குச் சராசரி 22 நிமிடங்களுக்கு மேல் கொடுத்தது. அது மீண்டெழுந்துகொண்டிருந்த அணி, பையனின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள அதனால் முடிந்தது. வாஷிங்டனின் நிலைமை வேறு. அங்கே பவர் பிளேயைப் பல ஆண்டுகள் நடத்தியவர் ஜான் கார்ல்ஸன். தம்பியைப் போலவே இடக்கையால் அடிக்கிற ஜேக்கப் சிக்ரன், 2024-25இல் 20 கோல் அடித்து, எட்டு ஆண்டு ஒப்பந்தமும் வாங்கிவிட்டார். இந்த வரிசையில் ஒரு புதுமுகம் முதல் நாளே உள்ளே புகுந்துவிட முடியாது.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். தம்பி என்.எச்.எல்.லில் நீண்ட காலம் ஆடுவார், இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. முதல் ஓரிரண்டு ஆண்டுகள் தடுப்பாட்டக்காரர்களின் மூன்றாவது ஜோடி, பவர் பிளேயில் இரண்டாவது குழு, ஒரு சீசனுக்கு 30 புள்ளிகள் வரலாம். அதைப் பார்த்துவிட்டு, அண்ணன் அளவுக்கு இல்லை என்று யாராவது முடிவு கட்டினால் அவசரப்படுகிறார்கள் என்றே சொல்வேன். இருபத்து நான்கு வயதுக்குள் இரண்டாவது ஜோடியில் உறுதியான இடமும், முதல் பவர் பிளே குழுவின் பொறுப்பும், ஆண்டுக்கு ஐம்பது புள்ளிகளுக்கு மேலும் அவருக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன். முதல் ஜோடியில், எதிரணியின் சிறந்த வரிசைக்கு எதிராக நிற்பாரா என்பது மட்டும் கோலுக்கு முன்னால் அந்த மட்டையைத் தூக்கக் கற்றுக்கொள்வதைப் பொறுத்தது.