டெலஸ்கோப் வந்துவிட்டது, வளையம்தான் படுத்தி எடுத்துவிட்டது

வணக்கம் மக்களே. கையில் என்ன வைத்திருக்கிறேன், தெரிகிறதா? கிட்டக் காட்டுகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். அலுமினிய வளையம். கனம் 0.7 மில்லிமீட்டர். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதனால் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். முதலில் உங்கள் கேள்வி. ஓரியன் நெபுலா படம் போட்டதிலிருந்து கமெண்டில் இதே பல்லவிதான்: அண்ணே, எந்த ரிஃப்ராக்டர் (முன்னால் லென்ஸ் வைத்த டெலஸ்கோப்) வாங்கலாம்?

எதை வாங்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வந்த சித்தப்பா, மகனுக்கு வாங்கிய டெலஸ்கோப்போடு நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். பெட்டி மேலே கொட்டை எழுத்தில் 525 மடங்கு. எப்படி 525? குவியத் தூரம், அதாவது முன் லென்ஸிலிருந்து பிம்பம் குவியும் இடம் வரை, 700 மி.மீ.; கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் 4 மி.மீ.; வகுத்தால் 175 மடங்கு. அதோடு மூன்று மடங்கு பார்லோ, அதாவது பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ் ஒன்றைப் போட்டிருக்கிறார்கள், 525 வந்துவிட்டது. கணக்கு சரிதான். ஆனால் முன் லென்ஸ் 60 மி.மீ. லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்குங்கள், அவ்வளவுதான் அது தாங்கும். 120. அதைத் தாண்டினால் பெரிதாவது மங்கல் மட்டும்தான். பார்லோவைப் பெட்டியிலேயே போடச் சொல்லிவிட்டு 20 மி.மீ. ஐபீஸில் நிலாவைக் காட்டினேன். பையன் கண்ணை எடுக்கவில்லை. சித்தப்பாவுக்குத்தான் 525 போன வருத்தம்.

சரி, படம் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு வருகிறேன். என் பதில்: 70இலிருந்து 80 மி.மீ.க்குள் ஒரு ஈடி டப்ளெட், அதாவது ஈடி கண்ணாடி ஒன்று சேர்ந்த இரட்டை லென்ஸ்; எஃப்/6 பக்கம், அதாவது குவியத் தூரம் விட்டத்தைப்போல ஆறு மடங்கு. நான் வாங்கியது 72 மி.மீ., எஃப்/6, அதாவது குவியத் தூரம் 432. "இவ்வளவு சின்னதா?" என்று அப்பத்தாகூடக் கேட்டார்கள். ஆமாம், சின்னதுதான், வேண்டுமென்றே சின்னது.

ஏன் ஈடி? ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் நீலத்தை ஓர் இடத்திலும் சிவப்பை வேறோர் இடத்திலும் குவிக்கும். இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து இரண்டு நிறங்களை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தால் அது அக்ரோமேட். 102 மி.மீ. எஃப்/5 அக்ரோமேட் விலை குறைவு, கண்ணால் பார்க்க எனக்கும் பிடிக்கும், நட்சத்திரக் கூட்டங்கள் அள்ளிக்கொண்டு போகும். ஆனால் கேமராவை மாட்டினால் பிரகாசமான ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி ஊதா வட்டம். கண் அந்த ஊதாவை ஓரளவு மன்னிக்கும், சென்சார் மன்னிக்காது. ஈடி கண்ணாடி நிறங்களைக் குறைவாகப் பிரிக்கும். ஆபே எண் என்று ஒன்று உண்டு, அது கூடக் கூட நிறம் பிரிவது குறையும். சாதாரணக் கிரவுன் கண்ணாடிக்கு 64, ஈடி கண்ணாடி வகைகளில் எஃப்பிஎல்-51க்கு 81.5, எஃப்பிஎல்-53க்கு ஏறக்குறைய 95. அதனால்தான் 53 என்று எழுதியிருந்தால் விலை எகிறுகிறது. ஆனால் 53க்கு ஜோடியாக எந்தக் கண்ணாடியை வைத்தார்கள், எப்படித் தேய்த்தார்கள் என்பதிலும்தான் விஷயம் இருக்கிறது, அதை யாரும் குழாயில் அச்சடிப்பதில்லை. நிறம் பிரியாது என்ற அர்த்தத்தில் போடும் "அபோ" என்ற பெயரையும் நம்பாதீர்கள். சுத்த நெய் என்று பலகை மாட்டுவதைப்போல அதை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். பிரகாசமான சிரியஸ் நட்சத்திரத்தைக் குறிவையுங்கள். ஃபோகஸில் இருக்கும்போது ஊதாப் படலம் இருக்கிறதா, ஃபோகஸுக்கு உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் நகர்த்தினால் வட்டத்தின் ஓரம் என்ன நிறம் காட்டுகிறது, பாருங்கள். அதுதான் சான்றிதழ்.

மூன்று கண்ணாடி டிரிப்ளெட் நிறத்தில் இன்னும் சுத்தம், மறுக்கவில்லை. முன்பக்கம் கனக்கும், வெளியே வைத்தால் குளிர நேரம் எடுக்கும், விலையும் வேறு லெவல். 100 மி.மீ.க்குப் போகும் நாளில் யோசிக்கலாம்.

ஒருவர் "ஆறு அங்குல ரிஃப்ராக்டராகவே வாங்கிவிட்டால்?" என்று கேட்டிருந்தார். ஐயா, லென்ஸை ஓரத்தில் மட்டும்தான் பிடிக்க முடியும், பெரிதாக்கினால் தன் எடைக்கே வளையும். 1897இல் திறந்த யெர்க்ஸ் வானாய்வகத்தின் 102 செ.மீ. லென்ஸோடு அந்தப் போட்டி நின்றுவிட்டது. நம் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் கண்ணாடி ஆடிதான், லென்ஸ் அல்ல. ஆறு அங்குலத்தை நம் மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

432 மி.மீ.யும் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சார் உள்ள கேமராவும் சேர்ந்தால் வானத்தில் கிட்டத்தட்ட 3 டிகிரிக்கு 2 டிகிரி கிடைக்கும். முழு நிலா அரை டிகிரிதான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி, ரோசெட் நெபுலா எல்லாம் உள்ளே அடங்கும். வியாழன்? சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வந்து நமக்குக் கிட்ட இருக்கும் சமயத்திலேயே என் கேமராவில் 25 பிக்சல் அகலம்தான். கிரகம்தான் ஆசை என்றால் இந்த வீடியோ உங்களுக்கு இல்லை, கோபிக்காதீர்கள்.

இப்போது வளையம். போன வீடியோவில் புலம்பினேன் அல்லவா, அதன் மிச்சம். ரிஃப்ராக்டர் குவிக்கும் தளம் வளைந்திருக்கும், அதைத் தட்டையாக்கப் பின்னால் ஃபிளாட்னர் என்ற லென்ஸ் ஒன்று வேண்டும். ஃபிளாட்னரிலிருந்து சென்சார் வரை 55 மி.மீ. என் கேமராவின் உள்ளே 44, கேமராவை ஃபிளாட்னரோடு இணைக்கும் டி-வளையம் 11, ஆக 55. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கடைக்காரர் அனுப்பிய டி-வளையத்தில் எம் 42 மரை, அதாவது 42 மி.மீ. விட்டம்; ஃபிளாட்னரில் இருப்பது எம் 48! ஆர்டரில் 48 என்று தெளிவாக எழுதியிருந்தேன். திருப்பி அனுப்பும் கூலி என் தலையில், மாற்று வரும் கூலியும் என் தலையில். வளையத்தின் விலையைவிடக் கூரியர் கூடப் போய்விட்டது. தை மாத வானம் துடைத்துவிட்டதுபோல மேலே கிடக்கிறது, நான் கீழே பார்சல் எங்கே இருக்கிறது என்று போனில் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வயிறு எரியுமா எரியாதா?

சரியான வளையம் வந்த பிறகும் படத்தின் நான்கு மூலையிலும் நட்சத்திரங்கள் வெளிப்பக்கமாக இழுபட்டிருந்தன. என் ஃபிளாட்னரில் அப்படி வந்தால் இடைவெளி போதவில்லை என்று அர்த்தம். ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன், கல்யாண மண்டபத்து விளக்குகளுக்காக நடுவில் ஃபில்டர் போட்டிருக்கிறேன். ஃபில்டர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குவியம் பின்னால் தள்ளிப்போகும். என் ஃபில்டர் 2 மி.மீ., ஆக 0.7 கூட வேண்டும். அந்த அளவைத் தூக்கிக்கொண்டு நம் லேத் அண்ணனிடம் போனேன். பம்புசெட் மோட்டாருக்கு புஷ் கடைபவர். உள்விட்டம் 48, கனம் 0.7 என்றதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார். "தம்பி, தண்ணி இறைக்கிறவனே இவ்வளவு கறாராக் கேட்க மாட்டான்." ஆனால் கடைந்தார் பாருங்கள்! அலுமினிய உருளையை மாட்டி, உள்ளே குடைந்து, விளிம்பில் பிசிறைத் தேய்த்து, கடைசியில் கத்திபோன்ற உளியால் மெல்லிசாக வெட்டி எடுத்தார். மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.71. அந்த 0.01 தனக்குப் பிடிக்கவில்லை என்று உப்புத்தாளில் நான்கு தேய்ப்பு. 150 ரூபாய், டீ அவர் கணக்கு. மாட்டினேன், மூலையில் நட்சத்திரம் எல்லாம் உருண்டை. இதோ திரையில் இடது மேல் மூலை, முன்பு, பின்பு. இன்னொரு தடவை காட்டுகிறேன். வலது கீழ் மூலையும் பாருங்கள்.

சரி, போதும் என்கிறீர்கள். மவுண்ட், அதாவது டெலஸ்கோப்பைத் தாங்கி வானத்தோடு சேர்த்துத் திருப்பும் அமைப்பு. பணத்தில் பாதிக்கு மேல் மவுண்டில் போடுங்கள், இதில் நான் இறங்கி வர மாட்டேன். வானம் வினாடிக்கு 15 ஆர்க் வினாடி நகர்கிறது (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்குதான் ஓர் ஆர்க் வினாடி). என் அமைப்பில் ஒரு பிக்சல் 1.8 ஆர்க் வினாடி, பின்தொடராமல் ஒரே வினாடி திறந்தாலே எட்டுப் பிக்சல் கோடு. தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் பாதியைத்தான் படத்துக்கு நம்புங்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத தொல்லை ஒன்று நமக்கு இருக்கிறது. மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தின் பக்கம் குறிவைக்க வேண்டும். காரைக்குடி 10 டிகிரி அட்சம், அதனால் துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேலே 10 டிகிரிதான். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அவ்வளவு உயரம். எனக்கு அந்த இடத்தில் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க். அதனால் குறிவைக்க மவுண்டில் இருக்கும் துருவ ஸ்கோப்பை மறந்துவிட்டு, வேறு பக்கம் மூன்று இடங்களில் படம் எடுத்து மென்பொருளிடம் கணக்குக் கேட்கிறேன். மவுண்ட் 10 டிகிரி வரை இறங்குமா, எடைக்கல் முக்காலிக் காலில் இடிக்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். என்னுடையது இடித்தது, நடுவில் ஒரு தூண் வைத்து உயர்த்தியிருக்கிறேன். ஆனால் இதே 10 டிகிரிதான் தென்வானத்து நட்சத்திரக் கொத்தான ஒமேகா சென்டாரியை 32 டிகிரி உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்கிறது. லண்டன்காரருக்கு அது எழுவதே இல்லை. சித்திரையில் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.

மாடியில் ஒரு விஷயம். பகலெல்லாம் காய்ந்த மாடித் தள ஓடு நடுராத்திரி வரை சூடு விடும், நட்சத்திரம் தளதளக்கும். நடுராத்திரிக்குமேல் எடுத்தால் வித்தியாசம் தெரியும். பனிக்கு லென்ஸைச் சுற்றி 12 வோல்ட் ஹீட்டர் பட்டை கட்டாயம். எடுத்து முடித்ததும் ஈரத்தோடு மூடிவிடாதீர்கள், உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல்லோடு டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கேட்டவர்களுக்கு: பகலில் பார்க்கப் போகாதீர்கள். இருட்டில் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள், வலைபோலக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். தூசி, ஒன்றிரண்டு கீறல் பரவாயில்லை. ஃபோகஸை நகர்த்தும் ஃபோகஸரில் கேமரா எடையைத் தொங்கவிட்டு நேராக மேலே தூக்குங்கள், சறுக்கினால் பேரத்தில் அதையும் சேர்த்துப் பேசுங்கள். வளையத்தின் படம் கீழே போட்டிருக்கிறேன், அளவோடு. லேத் அண்ணன் நம்பரை மட்டும் கேட்காதீர்கள், அவருக்கு மோட்டார் வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது.