மண்ணை வெட்டி எழுப்பிய வீடுகள்: கஸ்டர் கவுண்டியின் குடியேற்ற வரலாறு

அவையோரே, அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து நடுப்பகுதியில் 1877-இல் அமைக்கப்பட்டது கஸ்டர் கவுண்டி; கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. பழைய வீடு என்றால் கல்லையும் மரத்தையும் தேடுகிறவர்களுக்கு அங்கே அதிகம் அகப்படாது. முதலில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் வீடு கட்டினார்கள். அந்தக் கவுண்டியின் வரலாற்றை அந்தச் சுவர்களிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தின்படி, 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ, நிலத்திலேயே ஐந்தாண்டு குடியிருந்து பயிரிட்டால் 160 ஏக்கர் வரை சொந்தமாக்கிக்கொள்ளலாம். ஆகவே பட்டா வாங்க வீடுதான் முதல் சாட்சி. ஆனால் மரம் அரிது. கவுண்டியிலுள்ள ப்ரோக்கன் போ ஊருக்கு ரயில் வந்ததே 1886-இல்தான். அதுவரை பலகையைத் தொலைவிலிருந்து வண்டியில்தான் கொண்டுவர வேண்டும். காலடியில் கிடந்த மண்ணுக்கோ விலையில்லை.

அதற்கென்றே வடிவமைத்த கலப்பையால் புல்தரையை ஓரடி அகலப் பட்டைகளாக உழுது, மண்வெட்டியால் துண்டாக்கி, புல் முகம் கீழே இருக்கும்படி அடுக்கினார்கள். சுவர் இரண்டடிக்கும் மேல் தடிமன் இருக்கும். மண் காயக் காயச் சுவர் அமரும் என்பது அவர்களுக்குத் தெரியும்; அதனால் ஜன்னல் சட்டத்துக்கு மேலே சிறிது இடைவெளி விட்டு, அதில் கந்தைத் துணியைத் திணித்து வைத்தார்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால், இறங்கும் சுவரின் பாரத்தில் கண்ணாடி நொறுங்கிவிடும். இதைவிடச் சிக்கனமான பொறியியலை நான் அறியேன்! கோடையில் குளிர்ச்சி, பனிக்காலத்தில் வெதுவெதுப்பு என்பதெல்லாம் உண்மையே. ஆனால் வெளியே மழை ஓய்ந்த பின்னும் உள்ளே கூரை சொட்டிக்கொண்டிருக்கும். உதிரும் மண்ணையும் சில வேளை பாம்பையும் தாங்குவதற்கு மேலே துணி கட்டுவது வழக்கம்.

மண்ணால் வீடு கட்டியதில் குடியேறிகள் அங்கே முதல்வர்களும் அல்லர். லூப் ஆற்றுப் பகுதியில் அமெரிக்கப் பூர்வகுடிகளான பானி மக்கள் பல தலைமுறைகளாக மண் மூடிய பெரிய வட்டக் குடில்களில் வாழ்ந்தவர்கள். 1870-களில் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அகற்றப்பட்டார்கள். 'காலி நிலம்' என்ற பேச்சை இதை மறந்துவிட்டுத்தான் பேச முடியும்.

இந்த வீடுகளை நாம் இன்று அறிவது பெரும்பாலும் சாலமன் புட்ச்சர் என்ற ஒருவரால். தாமே நிலம் கேட்டு வந்து விவசாயத்தில் நிலைக்காத அவர், 1886 முதல் வண்டியில் காமிராவோடு வீடு வீடாகப் போனார். அவ்வாண்டே எடுத்த ஒரு படத்தில், ராடிங் குடும்பத்தார் மேசையை வெளியே போட்டுத் தர்பூசணியோடு அமர்ந்திருக்க, பின்னால் கூரைமேல் பசு நிற்கிறது. வீடு மேட்டைக் குடைந்து கட்டப்பட்டது! இன்னொன்றில் கிறிஸ்மன் சகோதரிகள் நால்வர் நிற்கிறார்கள். மணமாகாத பெண்ணும் தன் பெயரில் நிலம் கோரச் சட்டம் இடம் கொடுத்தது. 1887-இல் எடுத்த மற்றொன்றில் ஷோர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் தன் மண்வீட்டின் முன் அமர்ந்திருக்கிறது.

பலகை மலிந்ததும் மண்வீடுகள் கைவிடப்பட்டுக் கரைந்தன. காம்ஸ்டாக் அருகே 1900-இல் கட்டிய டௌஸ் வீடு, பழுதுபார்க்கப்பட்டு இன்றும் பார்வைக்கு இருக்கிறது. 1899-இல் புட்ச்சரின் வீடு தீக்கிரையானபோது அச்சுப்படங்கள் அழிந்தன. கண்ணாடி நெகட்டிவ்கள் தப்பின. நெப்ராஸ்கா வரலாற்றுக் கழகம் காத்துவரும் அவற்றைக் கணினியில் பெரிதாக்கியபோது, அதுவரை வெறும் இருட்டாகத் தெரிந்த வாசல்களுக்குள்ளிருந்த பொருள்களும் புலப்பட்டன.