பயிற்சி கொடுத்தாயிற்று, வேலை எங்கே? அமெரிக்காவின் பசுமைப் பயிற்சிப் பணம் போன வழி

[திரை: கறுப்புப் பின்னணியில் மூன்று எண்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக]

52,762. 8,035. 1,033.

முதல் எண், அமெரிக்க அரசின் பசுமை வேலைப் பயிற்சியில், அதாவது சூரிய மின்சாரம் போன்ற சுற்றுச்சூழலுக்கு உகந்த வேலைகளுக்கான பயிற்சியில், சேர்ந்தவர்கள். இரண்டாவது, அவர்களில் வேலை கிடைத்தவர்கள். மூன்றாவது, கிடைத்த வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தவர்கள். 2011 ஜூன் வரையிலான இந்தக் கணக்கை வெளியிட்டது எதிர்க்கட்சி அல்ல, அந்நாட்டுத் தொழிலாளர் துறையின் சொந்தத் தணிக்கைப் பிரிவு.

[திரை: 2007, பிறகு 2009]

கொஞ்சம் பின்னால் போவோம். 2007 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. சூரிய மின்தகடு பொருத்துதல், கட்டடங்களில் ஆற்றல் சேமிப்பு போன்ற வேலைகளைக் கற்றுத்தர ஆண்டுக்கு 12.5 கோடி டாலர் வரை செலவிடலாம் என்றது. ‘செலவிடலாம்’ என்பதோடு சரி, பணம் ஒதுக்கப்படவில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 2009-ல் வந்த மீட்புச் சட்டம்தான் பையைத் திறந்தது: 50 கோடி டாலர். அதில் 15 கோடி ஏழைகளுக்கென்றே தனியாக வைக்கப்பட்டது. சிறையிலிருந்து வந்தவர்கள், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள், நெடுநாள் வேலையில்லாதவர்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

79,854 பேருக்கு வேலை என்பது இலக்கு. இரண்டாண்டு கழித்துப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குதான் தேறியிருந்தது. பாதி வழியில் எடுத்த கணக்கு இது, பின்னர் எண்ணிக்கை கூடியது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஓட்டை எங்கே என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

[திரை: வீட்டுக் கூரை, ஏணி, பாதுகாப்புக் கயிறு கட்டிய தொழிலாளி]

பணத்தின் பெரும்பகுதி ‘கற்றுக்கொடு’ என்ற பக்கம் போனது. ‘வேலைக்கு எடு’ என்று யாரையும் அது கட்டவில்லை. வீடு கட்டுவதே நின்றுபோயிருந்த காலத்தில், கூரையில் தகடு பொருத்தக் கற்றவரை யார் தேடி வருவார்கள்? பெண் பார்க்காமலேயே பந்தல் போட்டது போல ஆயிற்று. பசுமை வேலை என்றால் எது என்பதிலேயே குழப்பம் வேறு. அரசின் புள்ளிவிவரக் கணக்கில் சில பஸ் ஓட்டுநர்களின் வேலையும் பசுமை வேலையாக எண்ணப்பட, நாடாளுமன்ற விசாரணையில் அது கேலிக்குள்ளானது.

இன்னொரு ஓட்டை, என் பார்வையில் இதைவிடப் பெரியது. சில வாரப் பயிற்சி இலவசம், சரி. அந்த வாரங்களில் வீட்டு வாடகையை யார் கட்டுவது? குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது? அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ‘இலவசப் பயிற்சி’ என்பது உண்மையில் கூலி இழப்பு. வசதியற்றவர்களுக்கென்று வைத்த இடத்தில் கொஞ்சமாவது வசதியுள்ளவர்களே கடைசிவரை தாக்குப்பிடிப்பார்கள்.

[திரை: இல்லினாய்ஸ் மாநில வரைபடம், பதின்மூன்று புள்ளிகள்]

இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்க முயன்ற சட்டம் ஒன்று இல்லினாய்ஸ் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் கையெழுத்தானது. வடக்கே சிகாகோ முதல் தெற்கே கார்பண்டேல் வரை பதின்மூன்று இடங்களில் பயிற்சி மையங்கள். பணம் மாநில மக்களின் மின்கட்டண ரசீதிலிருந்தே வருகிறது. ஒவ்வொரு ரசீதிலும் இதற்கென ஒரு சிறு தொகை சேர்க்கப்படுகிறது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. பயணச் செலவு, குழந்தைப் பராமரிப்பு, கருவிகள் போன்றவற்றுக்கு உதவ ஒரு தனித் திட்டமும் உண்டு. சிறைக்குள் இருப்பவர்களுக்கு, விடுதலைக்கு முன்பே வகுப்பு நடத்தவும் வழி செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த விதி. மாநிலத்தின் சூரிய மின் ஊக்கத்தொகை வேண்டும் என்று கேட்கும் நிறுவனம், தன் திட்டத்தில் வேலை செய்வோரில் குறைந்தது 10 விழுக்காட்டினரைக் குறிப்பிட்ட பிரிவினரிலிருந்து எடுத்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சிகளை முடித்தவர்கள், சிறையிலிருந்து திரும்பியவர்கள், வளர்ப்புக் குடும்பப் பராமரிப்பில் வளர்ந்தவர்கள், மாசும் வறுமையும் மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்கள் ஆகியோர் அதில் வருகிறார்கள். 2030-க்குள் அந்த அளவு 30 விழுக்காடாக உயர வேண்டும். 2009-ல் இல்லாத கட்டு இதுதான். பயிற்சி தருவதும் பொதுப்பணம், கூரையில் ஏறும் தகட்டுக்கு மானியம் தருவதும் பொதுமக்கள் பணம். இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டிருக்கிறார்கள்.

[திரை: நாட்காட்டியின் தாள்கள் புரள்கின்றன]

குறை இல்லாமல் இல்லை. சட்டம் கையெழுத்தானபின் மையங்களை நடத்த அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, விதிகள் எழுதி, வகுப்புகள் பரவலாகத் தொடங்குவதற்குள் ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆள் எடுக்கும் விதி 2023-லேயே தொடங்கிவிட்டது. பயிற்சி முடித்தவர்கள் வரிசையில் வந்து நிற்பதற்கு முன்பே, நிறுவனங்கள் ஆளைத் தேட வேண்டியதாயிற்று. முன்பு வேலையில்லாமல் பயிற்சி இருந்தது, இம்முறை பயிற்சி பெற்றவர் வருவதற்குள் வேலை வந்து நின்றது.