கையால் குவில்ட் தைப்போர் முதலில் வாங்க வேண்டிய கருவிகள்

அவையில் கூடியிருக்கும் தாய்மார்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் என் வணக்கம். துண்டுத் துணிகளை இணைத்து, அடியில் ஒரு துணியும் நடுவில் பஞ்சோ பழந்துணியோ வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குவில்ட் போர்வையைக் கையாலேயே தைக்க விரும்பும் ஒருவர், குறைந்த செலவில் எந்தெந்தக் கருவிகளை வாங்கலாம் என்பதைப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி, நூல், விரலுறை, கத்தரிக்கோல் ஆகிய நான்கும் தைக்கும் நேரமெல்லாம் கையிலும் துணியிலும் படுகிறவை; இவற்றில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மற்றவற்றுக்குத் தொடக்கத்தில் வீட்டில் இருக்கும் பொருள்களே போதும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாபூர், ஹலியாள் போன்ற வட்டங்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, பழந்துணித் துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதிக்கு வந்து சேருகிறார்கள். மூலைகளில் முக்கோணமாக மடித்த சிறு துணிகளைப் பூவாக வைத்துத் தைத்த பிறகே போர்வை முழுமை பெற்றதாகக் கருதுவார்கள். துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டமும் இல்லை, அளவுகோலும் இல்லை. ஊசியும் நூலும் வெட்டுவதற்கு ஒரு கருவியும் இருந்தால் வேலை நடக்கிறது. அந்தப் போர்வைகள் இன்று அருங்காட்சியகங்களில் வைத்துப் போற்றப்படுகின்றன.

ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனென்றால் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும், தவறாகத் தேர்ந்தெடுத்தால் மிக அதிகமாகத் தொல்லை கொடுப்பதும் அதுதான். துண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு, 'ஷார்ப்ஸ்' எனப்படும், சற்றே நீளமான சாதாரணக் கையூசி ஏற்றது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு 'பிட்வீன்ஸ்' என்னும் குட்டையான, சிறு காதுடைய ஊசி வேண்டும். அந்தத் தையலில் ஊசியை ஏறக்குறையச் செங்குத்தாகத் துணியில் இறக்கி, அடியில் இருக்கும் மற்றக் கையின் விரலில் அதன் முனை பட்டதும் ஊசியைச் சாய்த்து மேலே எழுப்பி, இப்படி மூன்று நான்கு தையல்களை ஊசியிலேயே ஏற்றிக்கொண்ட பிறகு நூலை ஒரே இழுப்பில் இழுக்கிறோம். நீளமான ஊசி இந்த அசைவில் வளைந்துவிடும்; குட்டை ஊசி வளையாமல் தடித்த அடுக்கைத் துளைத்துச் செல்லும். எண் கூடக்கூட ஊசி மெல்லியதாகவும் குட்டையாகவும் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். புதியவர்கள் 8 அல்லது 9ஆம் எண்ணில் தொடங்கலாம். கை பழகிய பிறகு 10, 11 என்று போகலாம். தேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்தில் பத்துத் தையலுக்கு மேல் போடுவார்கள். உங்களுக்கு ஐந்தோ ஆறோ வந்தால் அதுவே நல்ல தொடக்கம். தையல் சிறிதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். நல்ல ஊசிக்காக வெளிநாட்டுப் பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் நீலகிரி மாவட்டத்தில், கேத்திப் பகுதியில் உள்ள தொழிற்சாலையின் 'போனி' ஊசிகள் பல நாடுகளில் விற்பனையாகின்றன. முனை மழுங்கிய ஊசியையும் துருவேறிய ஊசியையும் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்; அவை துணியின் இழையை அறுத்துவிடும்.

நூலைப் பொறுத்தவரை, பருத்தித் துணிக்குப் பருத்தி நூலே பொருத்தம். கைக் குவில்டிங்குக்கென்று மெழுகுப் பூச்சுடன் வரும் நூல் உறுதியானது, எளிதில் சிக்கல் விழாது. ஆனால் எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை. சாதாரணப் பருத்தி நூலைத் தேன்மெழுகுக் கட்டியின் மேல் ஓரிரு முறை இழுத்து, இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு முறை அழுத்தினால், மெழுகு நூலுக்குள் இறங்கி ஏறக்குறைய அதே பயனைத் தரும். நூலை இழுத்துப் பாருங்கள். சட்டென்று அறுந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். போர்வை என்பது ஆண்டுக்கணக்கில் துவைக்கப்படும் பொருள். ஊசியில் கோக்கும் நூல் ஒன்றரை அடியைத் தாண்டாமல் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் துணிக்குள் உரசி உரசி நூல் நைந்துவிடும்.

விரலுறை இல்லாமல் தைக்கலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டைப் பொத்தான் தைக்கும்போது அது சரியாக இருக்கலாம். மூன்று அடுக்கைத் துளைக்கும்போது ஊசியின் பின்முனை நடுவிரலைத் திரும்பத் திரும்பக் குத்தும். சில மணி நேரத்தில் விரல் புண்ணாகி, புதியவர் அந்த வேலையையே வெறுத்துவிடுவார். உச்சியிலும் பக்கங்களிலும் சிறு குழிகள் நன்றாகப் பதிந்திருக்கும் உலோக விரலுறையை, கடைக்கு நேரில் சென்று நடுவிரலில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். கையைத் தொங்கவிட்டு உதறினால் கழன்று விழக் கூடாது. விரல் நுனியை இறுக்கி மரத்துப் போகச் செய்யவும் கூடாது. உலோகம் பிடிக்காதவர்கள் மெல்லிய தோல் துண்டில் தாமே தைத்துக்கொள்ளலாம்.

கத்தரிக்கோலுக்குத்தான் இந்தப் பட்டியலில் அதிகப் பணம் செலவாகும். எட்டு அங்குல நீளமுள்ள, நடுவில் திருகாணி வைத்த, சாணை பிடிக்கக்கூடிய ஒரு கத்தரிக்கோல் வாங்கி, அதைத் துணிக்கு மட்டுமே பயன்படுத்துங்கள். காகிதத்தை வெட்டினால் அதன் கூர் விரைவில் போய்விடும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கைப்பிடியில் ஒரு நாடாவைக் கட்டி வைப்பது நல்ல அடையாளம். நூல் நறுக்க வீட்டிலுள்ள சிறு கத்தரி போதும்.

இனி, வாங்க வேண்டாதவற்றைச் சொல்கிறேன். துணியில் கோடு போடக் கரைந்து மெலிந்த சோப்புத் துண்டு இருக்கிறது. வெளிர்நிறத் துணிக்குப் பென்சிலை மெதுவாக ஓட்டலாம். தண்ணீரில் அழியும் பேனா வாங்குவதாக இருந்தால், கோடு அழியும் முன்னர் இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் மை துணியிலேயே நிலைத்துவிடக்கூடும். வடிவம் வெட்ட அட்டைப் பெட்டியின் அட்டை போதும்; அதன் அடியில் உப்புத்தாள் ஒட்டினால் துணி மேல் நழுவாது. செங்கோணம் பார்க்க, வீட்டில் தச்சரின் மூலைமட்டம் இருந்தால் அதுவே போதுமானது. அடுக்குகளை நகராமல் நிறுத்த, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்கு குத்தலாம். அல்லது நீளத் தையலாக நூலோட்டம் போடலாம். இந்த வேலையை அவசரப்படாமல் செய்தால் முதல் போர்வைக்கு வளையச் சட்டமே தேவைப்படாது.

எல்லோரும் என்னிடம் கேட்பது ரோட்டரி கட்டரைப் பற்றித்தான். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்திய இந்தச் சுழல் கத்தி, பல அடுக்குத் துணியை நேர்கோட்டில் நொடியில் வெட்டித் தருகிறது; அதன் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கத்தியை மட்டும் வாங்கி எந்தப் பயனும் இல்லை. துணிக்கு அடியில் வைத்து வெட்டுவதற்கென ஒரு விரிப்பு, தடித்த அக்ரிலிக் அளவுகோல், மழுங்கும்போதெல்லாம் புதிய தகடு ஆகிய எல்லாம் சேர்ந்துதான் அதன் விலை. அந்த விரிப்பு வெயிலில் கிடந்தாலோ, சூடான இஸ்திரிப் பெட்டி அதன்மேல் பட்டாலோ நெளிந்துவிடும். பிறகு அது சீராகாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கொண்டு தைத்த போர்வைகள், கோடுகள் வளைந்தும் சாய்ந்தும் இருக்க, 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. ஆகவே, கோடு சற்றுக் கோணிவிடுமே என்ற அச்சத்தால் அந்தக் கத்தியை வாங்க வேண்டாம். மாதம் ஒரு போர்வை என்ற அளவுக்கு வேலை பெருகும்போது வாங்குங்கள். அப்போதும் நான்கைந்து பேர் பணம் போட்டு ஒரே தொகுப்பை வாங்கி, வெட்டும் வேலையை ஒருவர் வீட்டில் ஒன்றாகக் கூடிச் செய்துகொள்ளலாம். வெட்டிய துண்டுகளை அவரவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று தைப்பதற்கு, முன்பு சொன்ன நான்கு பொருள்கள் மட்டும் ஆளுக்கொன்றாக இருந்தால் போதும்.