தவளை ஏன் மண்ணைக் கவ்வுச்சு

எல்லாருக்கும் வணக்கம். நரம்பு எப்படி வளருதுன்னு பேசச் சொன்னாங்க, அது பெரிய கடல், அதனால ஒரே ஒரு ஆளோட வேலையை மட்டும் எடுத்துக்கறேன், ரோஜர் ஸ்பெர்ரி. வலது மூளை இடது மூளைன்னு சொல்றாங்கல்ல, அந்த ஆராய்ச்சிக்குத்தான் 1981ல அவருக்கு நோபல் கிடைச்சது, ஆனா என்னைக் கேட்டா அதுக்கு 40 வருஷம் முன்னாடி தவளைய வச்சு அவர் செஞ்சதுதான் இன்னும் பெருசு.

கருவுல ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு நீள இழையை வெளிய விடும், அதுதான் ஆக்ஸான். அதோட நுனி விரிஞ்ச விரல் மாதிரி இருக்கும், தொட்டுத் தொட்டு வழி தேடும். 1890ல கோழிக் கருவோட தண்டுவடத்துல ஸ்பெயின்காரர் கஹால் இதைப் பாத்து சொல்லிட்டார். நம்ம ஒரு கண்ணுல இருந்து மட்டும் சுமார் 10 லட்சம் இழை மூளைக்குப் போகுது, அது ஒவ்வொண்ணும் தன் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்குது?

1930கள்ல பெரிய பெரிய ஆளுங்க சொன்னது, எந்த இழை எங்க போய் ஒட்டினாலும் பரவால்ல, மூளை அதை சரிக்கட்டிக்கும்னு. அப்படி சொன்னவங்கள்ல முக்கியமானவர் சிகாகோ பல்கலைக்கழகத்துல இருந்த பால் வைஸ், ஸ்பெர்ரியோட பிஎச்டி கைடே அவர்தான். ஸ்பெர்ரி காலேஜ்ல இங்கிலீஷ் இலக்கியம் படிச்சுட்டு, அப்புறம் சைக்காலஜி, அப்புறம் விலங்கியல்னு வந்தவர், வந்த இடத்துல கைடோட கருத்தையே எடுத்து சோதிச்சுப் பாத்தார். அந்த தைரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல்ல எலி. பின்னங்கால் ரெண்டோட உணர்வு நரம்பையும் இடம் மாத்தி தச்சு விட்டார். வலது பாதத்துல புண்ணு வந்தா எலி நல்லா இருக்கற இடது காலைத் தூக்கிக்கிட்டு மூணு கால்ல நடக்குது, புண்ணு காலை ஊனுது. பழகவே இல்ல. போர்க்காலத்துல நரம்பு அடிபட்டவங்களுக்கு எங்கயாவது இணைச்சு விட்டா போதும், பயிற்சியில சரியாயிடும்னு நம்பிக்கிட்டு இருந்த நேரத்துல இது எவ்வளவு முக்கியமான விஷயம்னு நினைச்சுப் பாருங்க.

அடுத்து தவளை. தவளைக்கு பார்வை நரம்பை அறுத்தாலும் திரும்ப வளரும், நமக்கு வளராது. ஸ்பெர்ரி நரம்பை அறுத்துட்டு, கண்ணை அதே குழியில தலைகீழா, அதாவது 180 டிகிரி திருப்பி வச்சுட்டார். சில வாரத்துல பார்வை வந்துருச்சு. இப்ப தலைக்கு மேல ஒரு ஈயைக் காட்டினா தவளை கீழ பாயுது, வாய் நிறைய சேத்தைக் கவ்வுது. முன்னாடி காட்டினா பின்னாடி திரும்புது. மண்ணைக் கவ்வுறதுன்னு நாம பேச்சுக்கு சொல்றதை அந்தத் தவளை நெஜமாவே செஞ்சது, நாள் கணக்கா இல்ல, கடைசி வரைக்கும். ஏன்னா ஒவ்வொரு இழையும் மூளைல தன் பழைய இடத்துக்கே போய் சேந்துருச்சு, அது தவளைக்கு உபயோகமா இல்லையான்னு இழைக்குத் தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது விலாசம் மட்டும்தான்.

1963ல தங்கமீன்ல இன்னும் அழகா காட்டினார், கூட வேலை பாத்தவங்க டொமெனிகா அட்டார்டி. விழித்திரைல பாதியை எடுத்துட்டு பார்வை நரம்பையும் அறுத்துட்டாங்க, மிச்ச பாதியோட இழைங்க திரும்ப வளரும்போது மூளைல வழியில காலி இடம் எவ்வளவோ கெடக்குது, அதுல உக்காராம தாண்டிப் போய் தன்னோட இடத்துலயே இறங்குது! அதே வருஷம் ஸ்பெர்ரி எழுதினார், செல்லுங்க மேல ரசாயன அடையாளம் இருக்கு, ஒரு பக்கம் அதிகமாவும் போகப் போக கம்மியாவும், குறுக்கும் நெடுக்குமா, மேப்புல அட்சரேகை தீர்க்கரேகை மாதிரி.

அந்த ரசாயனத்தை யாரும் கண்ணால பாக்கல, அதனால சந்தேகப்பட்டவங்களும் நிறைய. 1987ல ஜெர்மனில டூபிங்கன்ல போன்ஹோஃபர்ங்கற விஞ்ஞானியோட லேப்ல, கண்ணோட இழைங்க போய் சேர்ற இடமான நடுமூளையை கோழிக்கருல இருந்து எடுத்து, அதோட செல் சவ்வை முன்பகுதி பின்பகுதின்னு கோடு கோடா மாத்தி மாத்தி விரிச்சு, அது மேல விழித்திரை இழைய வளரவிட்டாங்க. விழித்திரைல காதுப் பக்கமா இருக்கற பாதியோட இழைங்க முன்பகுதிக் கோட்டுலயே ஒழுங்கா ஓடுது, பின்பகுதி மேல கால் வைக்கல, அங்க ஏதோ தள்ளி விடுது. தள்ளி விட்டது எஃப்ரின்னு ஒரு புரோட்டீன் வகை. தள்ளி விடறது மாதிரி இழுக்கறதும் உண்டு, 1994ல கிடைச்ச நெட்ரின் தண்டுவடத்துல இழைய இழுக்கற புரோட்டீன், வழிகாட்டுறவன்னு அர்த்தம் வர்ற சமஸ்கிருத சொல்லுல இருந்து பேர் வச்சாங்க, நேதாங்கறோமே அதே வேர்தான்.

எஃப்ரின் நடுமூளைல ஸ்பெர்ரி சொன்ன மாதிரியே ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைஞ்சு இருக்குன்னு ரெண்டு லேப் 1995ல காட்டினாங்க. ஸ்பெர்ரி 1994 ஏப்ரல்லயே காலமாயிட்டார்.

கேள்வி இருந்தா கேளுங்க.