மொனாய் ஓடையில் ஒரு நீர்க்கோடு

[காட்சி: இரவுக் கடல். ஜப்பானின் ஒக்குஷிரி தீவு]

1993 ஜூலை 12, இரவு 10.17 மணி. ஒக்குஷிரி தீவுக்கு அருகே கடலடியில் 7.8 அளவில் நிலநடுக்கம். ஒருசில நிமிடங்களில் சுனாமி கரையேறியது. 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

[காட்சி: சேறு படிந்த சுவர், கிளையில் சிக்கிய வலைத்துண்டு]

அலை போன பிறகு ஆய்வாளர்கள் வந்தார்கள். எதைத் தேடி? சுவரில் படிந்த நீர்க்கோடு, கிளையில் சிக்கிய குப்பை, உரிந்த மரப்பட்டை. இவை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளப்பார்கள். எந்தக் கடல் மட்டம்? அளக்கும் நேரத்தில் இருப்பது அல்ல, அலை வந்த நேரத்தில் இருந்தது. ஓதம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அந்தக் கணக்கைச் சரிசெய்தாக வேண்டும். அவசரமும் உண்டு. ஒரு மழை பெய்தால் போதும், கோடு அழிந்துவிடும். வீட்டை இழந்தவரிடம் சுவரைக் கழுவாதீர்கள் என்று சொல்லவும் முடியாது.

மொனாய் என்ற இடத்தில், ஒரு குறுகிய ஓடைப் பள்ளத்தின் உச்சியில் கிடைத்த அளவு 31.7 மீட்டர். தீவிலேயே அதுதான் மிக அதிகம்.

[காட்சி: கடல் பரப்பின் மேல் விரியும் சதுரக் கட்டங்கள்]

சரி, அலை எவ்வளவு உயரம் ஏறும் என்பதைக் கணினி எப்படிக் கணக்கிடுகிறது? நிலநடுக்கத்தில் கடல்தரை எவ்வளவு எழும்பியது, எவ்வளவு தாழ்ந்தது என்பதிலிருந்து தொடங்கும். ஆழம்தான் அலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ.; 10 மீட்டர் ஆழத்தில் 36 கி.மீ.தான். முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வருவது நெருக்க, அலை உயர்கிறது.

கடலையும் கரையையும் கணினி சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு கட்டம் சில நூறு மீட்டர் அகலம் என்றால், மொனாய் ஓடை அதற்குள் அப்படியே காணாமல் போய்விடும். நீரை ஒடுக்கி மேலே தள்ளிய பள்ளமே இல்லாதபோது 31.7 மீட்டர் எப்படி வரும்?

[காட்சி: நீளமான நீர்த்தொட்டி, அதன் முனையில் மலைச்சரிவின் சிறு வடிவம்]

அதனால் ஜப்பானில் அந்தக் கரையை 400-ல் ஒரு பங்கு அளவில் செய்து, 205 மீட்டர் நீளத் தொட்டியில் அலையை விட்டுப் பார்த்தார்கள். இன்று பல நாடுகளின் சுனாமி மென்பொருள்களுக்கு அந்தத் தொட்டி அளவீடுகள்தான் உரைகல். 31.7 மீட்டர் அங்கே வெறும் 8 செ.மீ. அந்தச் சின்ன அளவை எட்டிப்பிடிக்கத்தான் பல மென்பொருள்கள் முயல்கின்றன.