நகரமா, கிராமமா? உங்கள் செவ்வாய்க்கிழமையைக் கேளுங்கள்

(திரையில்: இரண்டு ஜன்னல்கள். ஒன்றுக்கு வெளியே வயலும் பனிமூட்டமும். மற்றொன்றுக்கு வெளியே இரவில் ஒளிரும் கட்டடங்கள்.)

வணக்கம். இந்த இரண்டு ஜன்னல்களில் உங்களுக்கு எது வேண்டும்?

எங்கே குடியிருப்பது என்ற பேச்சு வந்தாலே நம் மனம் போய் நிற்பது இப்படி ஒரு ஜன்னலில்தான். நகரத்தில் இருப்பவருக்கு வயலும் அமைதியும் தெரிகின்றன. கிராமத்தில் இருப்பவருக்கு வெளிச்சமும் வாய்ப்பும் தெரிகின்றன. இருவர் பார்ப்பதும் உண்மையாகவே அங்கே இருக்கிறது. ஆனால் ஒரு முழு நாளில் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்க்க நமக்குக் கிடைப்பது பத்து நிமிடம். மீதி இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடத்தை எப்படிக் கழிக்கப்போகிறோம் என்பதைக் கேட்காமலேயே வீட்டை மாற்றிவிடுகிறோம். அந்த மீதி நேரத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1998-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதமான வானிலைக்குப் பேர்போன கலிஃபோர்னியாவிலும், குளிர் வாட்டும் மத்திய மேற்குப் பகுதியிலும் படிக்கும் மாணவர்களிடம் கேள்வி கேட்டார்கள். தங்களைப் போன்ற ஒருவர் எந்தப் பகுதியில் கூடுதல் திருப்தியோடு வாழ்வார் என்று கேட்டபோது, இரு தரப்பும் கலிஃபோர்னியாவைத்தான் சொன்னது. ஆனால் தங்கள் சொந்த வாழ்க்கையை மதிப்பிடச் சொன்னபோது, இரண்டு பகுதி மாணவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு திருப்தியைத்தான் சொன்னார்கள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நாம் ஒரே வரியில் முடித்துவிடும் விஷயம்தான். அது எப்படி நேர்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டியது. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது, வேறுபடுகிற ஒன்றிரண்டு அம்சங்கள் மட்டுமே பெரிதாகத் தெரிகின்றன. வெயில், கடல், மரம், வெளிச்சம். அங்கே போன பிறகும் படிப்பின் பாரமும், வீட்டு வேலையும், உறவில் விழுந்த விரிசலும் கூடவே வரும் என்பது அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே ஒரு தாளை எடுங்கள். இருபத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். மேலே ‘செவ்வாய்க்கிழமை’ என்று எழுதுங்கள். விடுமுறை நாள் வேண்டாம். விடுமுறையில் எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். தூக்கம், வேலை, சமையல், பிள்ளைகள், பயணம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்புங்கள். நகரத்துச் செவ்வாய்க்கு ஒரு தாள், கிராமத்துச் செவ்வாய்க்கு ஒரு தாள்.

(திரையில்: கட்டங்கள் போட்ட இரண்டு தாள்கள். ‘பயணம்’ என்ற கட்டங்கள் மட்டும் சிவப்பாகின்றன.)

முதலில் கண்ணில் படுவது பயணம். சீசரே மார்கெட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-இல் ஒரு கருத்தைப் பிரபலமாக்கினார்: எந்தக் காலத்திலும் மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரத்தைப் போக்குவரத்துக்கு ஒதுக்குகிறார்கள். நடந்தே போன காலத்தில் போக அரை மணி, வர அரை மணி. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகம். அதனால் பழைய நகரங்கள் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடங்கின. ரயிலும் காரும் வந்தன. பயண நேரம் குறைந்ததா? இல்லை, நகரம் அகன்றது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நகர மையத்திலிருந்து விலக விலக வாடகை குறையும். பொருளியலாளர் வில்லியம் அலோன்சோ 1964-இல் இதை ஒரு கோட்பாடாகவே விளக்கினார்: மிச்சமாகும் வாடகை, கூடுதலாகும் பயணத்துக்கு ஈடு. கணக்குப்படி யாரும் நஷ்டப்படக் கூடாது. ஆனால் அலோயிஸ் ஸ்டுட்ஸர், புரூனோ ஃப்ரே என்ற பொருளியலாளர்கள் ஜெர்மனியின் தரவுகளை எடுத்துப் பார்த்தபோது, வேலைக்குப் போய்வரும் நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைவதைக் கண்டார்கள். பெரிய வீடும் குறைந்த வாடகையும் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கூடுதலாகக் கிடைத்த ஓர் அறை ஆறே மாதத்தில் பழகிவிடுகிறது. நெரிசலில் நிற்பது பழகுவதே இல்லை. ஒவ்வொரு நாளும் அது புதிதாக எரிச்சலூட்டுகிறது. அதனால் என் தீர்மானமான கருத்து இது: நகரத்தில் வேலை, நகரத்தைவிட்டு ஒன்றரை மணி நேரம் தள்ளி வீடு என்ற ஏற்பாட்டை, வேறு வழியே இல்லை என்றால் ஒழிய, தேர்ந்தெடுக்காதீர்கள். நகரத்தின் வாய்ப்பையும் கிராமத்தின் அமைதியையும் சேர்த்து அனுபவிப்பதாகத் தோன்றும். இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவருக்கு வயல் எந்த நேரத்தில் கண்ணில் படும்?

சரி, வேலையே கிராமத்தில் என்றால்? அப்போது மற்றவற்றின் தூரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி, வங்கி, வண்டி பழுதுபார்ப்பவர், பல் மருத்துவர். ஒவ்வொன்றும் அரை நாளை விழுங்கும்.

இனி, நகரம் தருவது என்ன? கட்டடங்களையும் சாலைகளையும் விட்டுவிடுங்கள். நகரம் தருவது மனிதர்களை. இயற்பியலாளர்களான லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் ஆகியோரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நகரத்தின் மக்கள்தொகை இரட்டிப்பானால், ஊதியமும் புதிய கண்டுபிடிப்புகளும் தலைக்கு ஏறத்தாழ 15 சதவீதம் கூடுகின்றன. ஒருவர் இன்னொருவரைச் சந்திக்கும் வாய்ப்பு பெருகுவதே காரணம். அதே கணக்குதான் குற்றத்துக்கும் தொற்றுநோய்க்கும் பொருந்தியது. யோசனை எந்தப் பாதையில் பரவுகிறதோ, நோயும் அந்தப் பாதையில்தான் பரவுகிறது.

இது எல்லோருக்கும் ஒரே அளவில் முக்கியமல்ல. தொழிலைக் கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவருக்கு, தன்னைவிடத் திறமையானவர்கள் பக்கத்து மேசையில் இருப்பது எந்தப் படிப்பையும்விடப் பெரியது. அரிதான ஒரு துறையில் இருப்பவருக்கும், அரிதான நோய் உள்ளவருக்கும், தன்னைப் போன்றவர்களைத் தேடி அலைபவருக்கும் கூட்டம்தான் துணை. கைத்தொழில் படிந்தவருக்கும், கணினி வழியே வேலையை முடிப்பவருக்கும் அந்தத் தேவை குறைவு. இணையத்தின் வேகத்தை மட்டும் அந்த வீட்டுக்குள்ளேயே நின்று சோதித்துப் பாருங்கள். தெருமுனையில் கிடைக்கும் சிக்னல் சுவருக்குள் கிடைக்க வேண்டும் என்பதில்லை.

(திரையில்: இருண்ட அறை. கடிகாரம் 2:00 காட்டுகிறது.)

இப்போது, யாரும் கேட்க விரும்பாத கேள்வி. இரவு இரண்டு மணி. வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. பக்கவாதம். மூளைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுத்து, அது இரத்தக்கசிவு அல்ல என்று உறுதிசெய்ய வேண்டும்.

ஆகவே ‘பக்கத்தில் மருத்துவமனை இருக்கிறதா’ என்று கேட்டால் போதாது. ஸ்கேன் வசதி இரவிலும் இயங்கும் மருத்துவமனை எது, அங்கே போக எத்தனை நிமிடம், வண்டி யாருடையது என்று கேளுங்கள். வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு அமைதியைத் தேடிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவர்களுக்காகவே போகிறோம் என்கிறார்கள். ஆனால் மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கைப் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. கிராமத்துக் காற்று சுத்தமானது என்பது பல இடங்களில் உண்மை, எல்லா இடங்களிலும் அல்ல. விறகடுப்புப் புகையும், அறுவடைக்குப் பின் வயலில் எரிக்கும் பயிர்த்தாளும், பூச்சிமருந்துத் தெளிப்பும் அங்கேயும் உண்டு. பக்கத்தில் என்ன பயிர், என்ன ஆலை என்று பாருங்கள்.

சத்தமும் அப்படித்தான் இடத்துக்கு இடம் மாறும். சாலைப் போக்குவரத்துச் சத்தம் இரவில் சராசரியாக 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நகரத்தின் பிரதான சாலையோர வீடு அதை எளிதில் தாண்டிவிடும். அதே நகரத்தில் இரண்டு தெரு உள்ளே தள்ளிய வீடு பெரிய ஆறுதல் தரலாம்.

தொடக்கத்தில் ஜன்னலைச் சற்றுக் குறைத்துப் பேசிவிட்டேன். அதற்கும் உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1984-இல் ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகள். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அதற்கு ஒரு காடு தேவைப்படவில்லை. படுக்கையிலிருந்து பார்த்தால் தெரிகிற மரங்கள் போதுமாக இருந்தன. நகரத்திலேயே இருக்கப்போகிறவர்கள் வீடு தேடும்போது, அறைகளை எண்ணுவதோடு மரங்களையும் எண்ணுங்கள்.

அடுத்தது மனிதர்கள். நான் சில காலம் ஒரு கிராமத்தில் குடியிருந்தேன். முதல் மாதம் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது மாதம், ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு வெளியூர் போயிருந்தேன். அன்று கனமழை. பயந்துகொண்டே திரும்பினேன். பக்கத்து வீட்டு அம்மா ஒரு குச்சியை விட்டு வெளியிலிருந்தே ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தி, கயிற்றால் கட்டி வைத்திருந்தார். என் புத்தகங்களில் ஒன்றுகூட நனையவில்லை. அந்தக் கயிற்று முடிச்சை இன்றும் மறக்க முடியவில்லை.

அதே அம்மாவுக்கு என் வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், நான் ஏன் குரலை உயர்த்தினேன் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தக் கயிறும் அந்தப் பேச்சும் ஒரே கவனத்திலிருந்து வருபவை. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது. நகரத்தில் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஜன்னலையும் யாரும் சாத்த மாட்டார்கள். பெரும்பாலான நாட்களில் இது விடுதலை. காய்ச்சலோடு தனியாகப் படுத்திருக்கும் நாளில் அது வேறு மாதிரி இருக்கும். தன் விருப்பப்படி வாழ்ந்ததற்காகவே சொந்த ஊரில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு நகரத்தின் அந்தப் பாராமுகம் எவ்வளவு பெரிய அடைக்கலம் என்பதையும் நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

(திரையில்: மூன்று காந்தங்கள். நடுவில் மக்கள்.)

இரண்டில் ஒன்று என்று ஏன் பேச வேண்டும்? 1898-இல் இங்கிலாந்தின் எபனேசர் ஹோவர்ட் என்ற நகரமைப்புச் சிந்தனையாளர் மூன்று காந்தங்களை வரைந்தார். ஒன்று நகரம், ஒன்று நாட்டுப்புறம், மூன்றாவது இரண்டும் கலந்த ஊர். நடுவே ‘மக்கள் எங்கே போவார்கள்?’ என்ற கேள்வி. அந்த எண்ணத்தில் 1903-இல் லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரம் தொடங்கப்பட்டது.

இன்றைக்கும் மூன்றாவது காந்தம் இருக்கிறது. நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. ஐ.நா.வின் 2018 கணிப்புப்படி உலக மக்களில் 55 சதவீதம் பேர் நகர்ப்புறங்களில் வாழ்கிறார்கள். நகரம் என்றதும் பெருநகரம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த நகர்ப்புற மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களில்தான் இருக்கிறார்கள். பதினைந்து நிமிடத்தில் ஊரைக் கடந்துவிடலாம். தரமான மருத்துவமனையும் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகலாம். முடிவெடுக்கத் திணறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, மூன்றாவது ஒரு தாளை எடுத்து, இப்படி ஒரு நடுத்தர ஊரின் செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள் என்பதுதான்.

எழுதிய பிறகு, வீட்டை விற்கவோ வாங்கவோ அவசரப்படாதீர்கள். வாடகைக்கு ஓர் இடம் பிடித்து ஒரு மாதம் இருங்கள். அந்த ஊரின் மிக மோசமான பருவத்தில் போங்கள்: கொளுத்தும் வெயில், விடாத மழை, அங்கே எது கடுமையோ அது. விடுப்பு எடுக்காமல் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். அவர்களுக்கு அங்கே விளையாட யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓர் இரவு இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து வாசலில் நில்லுங்கள். என்ன சத்தம் கேட்கிறது, வானத்தில் எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று யோசியுங்கள். ஒரு கதவாவது நினைவுக்கு வந்தால், முன்பணம் கொடுங்கள்.